உச்சிவெயிலில் நிற்கும் சோலார்: வாசகர் கேள்விகள்

கே: எங்கள் தெருவில் ஏழு வீடுகளில் சோலார் இருக்கிறது. வெயில் ஏறியதும் என் 5 கிலோவாட் இன்வெர்ட்டர் மட்டும் ‘கிரிட் ஓவர் வோல்டேஜ்’ என்று காட்டி நின்றுவிடுகிறது. மற்றவர்களுடையது என்னுடையதைத் தள்ளிவிடுகிறதா? (கோவை)

ப: பக்கத்து வீட்டுக்காரர் மேல் தப்பில்லை. சோலார் இன்வெர்ட்டர் என்பது பேனலின் மின்சாரத்தை வீட்டுக் கரண்டாக மாற்றி ஈபி லைனில் சேர்க்கும் பெட்டி. லைனில் இருப்பதைவிடச் சற்றுக் கூடுதல் வோல்டேஜ் இருந்தால்தான் எந்த இன்வெர்ட்டரும் மின்சாரத்தை வெளியே தள்ள முடியும். மதியம் வீடுகளில் லோடு குறைவு. ஏழு கூரைகளும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர் லைனில் தள்ளும்போது வோல்டேஜ் ஏறுகிறது, அதுவும் லைன் முடியும் இடத்தில் இருக்கும் வீட்டில்தான் அதிகம். 230-க்கு மேல் 10 சதவீதம், அதாவது 253 வோல்ட்டைத் தாண்டினால் இன்வெர்ட்டர் விலகிவிட வேண்டும் என்பது விதி. விலகியதும் வோல்டேஜ் இறங்கும், கொஞ்சம் பொறுத்து மறுபடி சேரும், மறுபடி ஏறும். உள்ளே ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) ‘டக்... டக்’ என்று அடித்துக்கொண்டே இருக்கும்.

ஆனால் தெருவைக் குறை சொல்லும் முன் கம்பியைப் பாருங்கள். சோலார் விற்பவர்கள் பேனலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் போர்டுக்கு வரும் கம்பியைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார்கள். 5 கிலோவாட் என்றால் உச்சத்தில் 22 ஆம்பியர். மொட்டைமாடியிலிருந்து 40 மீட்டருக்கு 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் போட்டால் அந்தக் கம்பியே சுமார் 8 வோல்ட் ஏற்றிவிடும். மீட்டரில் 246 இருக்கும்போதே இன்வெர்ட்டர் 254-ஐப் பார்த்து நின்றுவிடும். 10 ஸ்கொயர் போட்டால் மூன்று வோல்ட் சொச்சத்தோடு போகும். என் வீட்டுக் கொட்டேஷனில் ‘வயரிங் உட்பட’ என்று மட்டும் எழுதி, மெல்லிய கம்பியைப் போட்டுவிட்டுப் போனார்கள். அதை மாற்ற மறுபடி நான்தான் பணம் கட்டினேன். கம்பியின் அளவும் நீளமும் எழுதாத கொட்டேஷனில் கையெழுத்தே போடாதீர்கள்.

வெயில் உச்சத்தில் இன்வெர்ட்டர் காட்டும் வோல்டேஜையும் மீட்டர் போர்டில் உள்ளதையும் எலெக்ட்ரீஷியனை வைத்து ஒரே நேரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 5 வோல்ட்டுக்கு மேல் என்றால் சோலார் போட்டவரைப் பிடியுங்கள். மீட்டரிலேயே 250-ஐத் தாண்டி நின்றால் ஈபி உதவிப் பொறியாளருக்கு (ஏ.இ.) எழுத்தில் கொடுங்கள். டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் ‘டேப்’பை மாற்றி வோல்டேஜைக் குறைப்பதும், ஒரே ஃபேஸில் குவிந்துவிட்ட சோலார் வீடுகளைப் பிரித்துப் போடுவதும் அவர்கள் வேலை.

கே: கரண்ட் போனால் எங்கள் தெருவில் ஐந்து சோலாரும் நின்றுவிடுகின்றன. ஐந்தும் சேர்ந்து தெருவுக்கே கொடுக்கலாமே? (மதுரை)

ப: கூடாது. கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிர் போய்விடும்.

கே: ஏற்கெனவே 3 கிலோவாட் இருக்கிறது. சல்லிசாகக் கிடைத்தது என்று வேறு கம்பெனியின் 2 கிலோவாட் இன்வெர்ட்டர் ஒன்றை பில் இல்லாமல், ஈபியிடமும் கேட்காமல் வாங்கிவிட்டேன். இரண்டும் மோதிக்கொள்ளுமா? (ஓசூர்)

ப: மோதாது. ஒன்றை ஒன்று பார்ப்பதே இல்லை, இரண்டும் ஈபி லைனின் 50 ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் ஓடும். ஆனால் பில் இல்லை, வாரண்டி இல்லை, ஈபியிடமும் கேட்கவில்லை. எல்லாம் வாங்கி முடித்துவிட்டு இப்போது கேட்டால் நான் என்ன சொல்வது? அனுமதி வரும்வரை இணைக்காதீர்கள்.

கே: சோலார் டிரிப் ஆகிறது என்றதும், போட்டவர் 14,000 ரூபாய்க்கு ஸ்டெபிலைசர் விற்றார். இன்னமும் டிரிப் ஆகிறது. போனை எடுப்பதில்லை. பென்ஷன் பணம் ஐயா. (திருச்சி)

ப: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, அம்மா. வீட்டுச் சாமான்களுக்கு வரும் வோல்டேஜைத்தான் ஸ்டெபிலைசர் சரிசெய்யும். இன்வெர்ட்டர் தள்ளும் இடத்தில் ஏறுவதை அதனால் இறக்க முடியாது. இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்காது, உங்கள் தலையில் கட்டியிருக்கிறார். இன்வெர்ட்டர் திரையைத் தேதியோடு போட்டோ எடுத்து, ரசீதுடன் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். அப்புறம் அவருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். வாங்கி 2 ஆண்டுக்குள் போய்விடுங்கள்.

கே: அபார்ட்மெண்ட்டில் ஜெனரேட்டர் ஓடும்போது சோலாரும் சேர்ந்து ஓடலாமா? (சென்னை)

ப: அதற்கென்று உள்ள கன்ட்ரோலர் இல்லாமல் கூடாது. லோடு குறைந்தால் மிச்ச மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்பிப் போய் அதைக் கெடுத்துவிடும். கன்ட்ரோலர் விலையையும் கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள்.