எந்தப் பாரில் வலை போட்டாய்?

கேள்வி: அக்கா, எங்கள் விசைப்படகில், படகு இருக்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். புயல் நேரத்தில் உதவும் என்பதால் மறுக்கவில்லை. ஆனால் செல்போன் பேச்சையும் அரசு ஒட்டுக்கேட்க முடியும் என்று அறிந்ததிலிருந்து மனம் பொறுக்கவில்லை. “மறைக்க ஒன்றுமில்லாதவர்களுக்கு என்ன பயம்?” என்கிறார் என் கணவர். நாம் ஓட்டுப் போட்ட தலைவர்கள் இதைத் தடுக்க மாட்டார்களா?
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: தங்கச்சி, நேற்று நல்ல பாடு, அதாவது நிறைய மீன், கிடைத்தது எந்தப் பாரில், எந்தக் கடலடிப் பாறைத்திட்டில் என்று பக்கத்துப் படகுக்காரரிடம் உன் கணவர் சொல்வாரா? பாம்பனில் வல்லம் என்ற நாட்டுப்படகு வைத்திருந்த என் அப்பா, சொந்தத் தம்பியிடமே சொன்னதில்லை. அது குற்றமா? அலைந்து திரிந்து அவர் கண்ட இடம். யாரிடம் சொல்வது என்பது அவர் விருப்பம். அந்தரங்கம் என்பது அதுதான். அது அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். ராமநாதபுரம் நீதிமன்றத் தாழ்வாரத்தில் அந்தச் செய்தியைக் கேட்டு நெகிழ்ந்து நின்றேன்.

டிரான்ஸ்பாண்டர் உங்கள் கண்ணெதிரே இருக்கிறது. ஆபத்தில் நீங்களே அதன் வழியாக உதவி கேட்கலாம். ஒட்டுக்கேட்பு அப்படியில்லை. யாருடைய பேச்சைக் கேட்கிறார்களோ, அவருக்குத் தெரிவிப்பதே இல்லை. உத்தரவிடுபவர் மத்தியில் உள்துறைச் செயலர், மாநிலத்தில் மாநில உள்துறைச் செயலர். ஓர் உத்தரவு 60 நாள் செல்லும். நீட்டித்தால் 180 நாள் வரை. அதைச் சரிபார்க்கும் குழுவிலும் செயலர்களே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நீதிபதி கூடக் கிடையாது.

தலைவர்கள் மீதான என் வருத்தம் ஒரு கட்சியோடு நிற்பதல்ல. கணினித் தகவல்களையும் அரசு இடைமறித்துப் பார்க்க வழிவிடும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவை விரிவாக்கியது 2008 டிசம்பரில், மும்பைத் தாக்குதலின் அதிர்ச்சி ஆறுவதற்கு முன், காங்கிரஸ் கூட்டணி ஆட்சி. தி.மு.க.வும் அதில் பங்கேற்றிருந்தது. பத்து ஆண்டு கழித்து அதே பிரிவைக் கொண்டு 10 உளவு, விசாரணை அமைப்புகளுக்குக் கணினிகளைக் கண்காணிக்கும் அதிகாரம் கொடுத்தது பா.ஜ.க. அரசு. அப்போது காங்கிரஸ் கொதித்தது. எதிர்க்கட்சி வரிசையில் சுடுகிற சட்டம் ஆளும் வரிசைக்கு வந்ததும் குளிர்ந்துவிடுகிறதே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஓட்டுக் கேட்டு உங்கள் கடற்கரைக்கு வருபவரிடம் டீசல் மானியத்தோடு இதையும் கேள்: “ஒட்டுக்கேட்க நீதிபதியின் அனுமதி வேண்டும் என்று சட்டம் கொண்டுவருவீர்களா?” சென்ற தேர்தலில் மண்டபத்தில் ஒரு வேட்பாளரிடம் நான் கேட்டேன். கும்பிட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். அடுத்த முறையும் கேட்பேன். நீயும் உடன் வந்து நில்.