காய்ந்த போர்வெல்லில் கரியமில வாயுவை இறக்கலாமா?

கேள்வி: குடியாத்தம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம். 900 அடி போட்டும் சொட்டுத் தண்ணீர் வராத போர் ஒன்று சும்மா கிடக்கிறது. கரியமில வாயுவைப் பாறைக்குள் செலுத்திக் கல்லாக்கும் திட்டம் வருகிறது, அந்த போரைக் குத்தகைக்குக் கொடுத்தால் மாதாமாதம் பணம் வரும், பதிவுக்கு முன்பணம் கட்டுங்கள் என்கிறார் ஒருவர். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். வாயு கல்லாவது நிஜம்தான். ஆனால் உங்கள் போரில் அது நடக்க வழியில்லை.

ஐஸ்லாந்தில் ஹெல்லிஷெய்டி என்ற இடத்தில், 2012-இல் கரியமில வாயுவைத் தண்ணீரில் கரைத்து, 400 மீட்டருக்கும் கீழே பசால்ட் பாறைக்குள் செலுத்தினார்கள். இரண்டு வருடத்துக்குள் அதில் 95 சதவீதத்துக்கு மேல் கல்லாகிவிட்டது என்று 2016-இல் ஆய்வு முடிவு வந்தது. பசால்ட் என்பது எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. கால்சியம், மக்னீசியம், இரும்பு நிறைய உண்டு. குமிழி ஓட்டைகளும் வெடிப்புகளும் உண்டு. வாயு கரைந்த தண்ணீர் சோடா மாதிரி லேசான அமிலம். அது பாறையிலிருந்து இந்தத் தாதுக்களை அரித்தெடுக்கும். அவை வாயுவோடு சேர்ந்து கார்பனேட் என்ற கல்லாக அந்த ஓட்டைகளிலேயே படிந்துவிடும்.

இதை வீட்டிலேயே தலைகீழாகப் பார்க்கலாம். உங்கள் வயலில் சுக்கான்கல் கிடைத்தால் இடித்துப் பொடியாக்கி எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்து வருவது கல்லுக்குள் அடைபட்டிருந்த கரியமில வாயு. சேலம் சுண்ணாம்புக் கரட்டு வெள்ளைக்கல்லிலும் (மேக்னசைட்) இப்படித்தான் வாயு அடைபட்டிருக்கிறது, ஆனால் அது எலுமிச்சைச் சாற்றுக்குச் சட்டென்று நுரைக்காது. மக்னீசியம் மிகுந்த பாறையில் இயற்கையே வாயுவைப் பூட்டி வைத்திருக்கிறது. சுத்தமான வெள்ளைக்கல் ஒரு கிலோ எடுத்தால் அதில் பாதிக்கு மேல் கரியமில வாயுதான்! எனக்கு இது இன்றும் பிரமிப்பு.

சரி, வேலூர்ப் பக்கம்? இங்கே அடியில் இருப்பது பசால்ட் இல்லை, பெரும்பாலும் சார்னோகைட், நைஸ், கிரானைட் என்ற கெட்டிப் பாறைகள். போர் போட்டபோது கடைசியில் வந்த தூளை நினைத்துப் பாருங்கள்: சாம்பல் நிற மாவு, நடுவே மினுக்கும் துகள்கள். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற தாதுக்கள்தான் அதில் அதிகம். குவார்ட்ஸ் இந்த அமிலத்துக்கு அசையாது, ஃபெல்ட்ஸ்பார் ரொம்ப மெதுவாகத்தான் கரையும். பாறையும் கெட்டி, வெடிப்பில் மட்டும்தான் தண்ணீர் ஓடும். 900 அடியிலும் தண்ணீர் வரவில்லை என்றால் உங்கள் போரில் சொல்லிக்கொள்ளும்படியான வெடிப்பே சிக்கவில்லை. தண்ணீர் தராத போர், தண்ணீரை வாங்கவும் வாங்காது.

வெடிப்பு இருக்கிற போரென்றாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்த வெடிப்பு பக்கத்துக்காரர் கிணற்றுக்கும் போகும். அமிலத் தண்ணீர் இரும்பையும் மற்ற உலோகங்களையும் கரைத்துக் குடிதண்ணீரில் சேர்த்துவிடும். அப்புறம், ஐஸ்லாந்து முறையில் ஒரு டன் வாயுவுக்குச் சுமார் 25 டன் தண்ணீர் வேண்டும். அதாவது பெரிய டேங்கர் லாரியில் இரண்டு லோடு. பாலாறு மணலாய்க் கிடக்கிற ஊரில் அதை எங்கே தேடுவது?

இந்தியாவில் இதற்குத் தோதான பெரிய பாறைப் பரப்பு மகாராஷ்டிரத்தை மையமாகக் கொண்ட தக்காணப் பசால்ட், சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆராய வேண்டிய இடம் அது. எங்கே என்றாலும் பாறையைச் சோதிக்காமல், வாயு எந்த ஆலையிலிருந்து வருகிறது என்று சொல்லாமல், விவசாயியிடம் முதலில் பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

போரை என்ன செய்வது என்றால், ஆரம்பத்திலிருந்தே புழுதிதான் வந்தது என்பதால் மழைநீரை அதில் விட்டும் பயனில்லை. களிமண், ஜல்லி போட்டுத் தரைமட்டம் வரை நிரப்பி மேலே கான்கிரீட் போட்டுவிடுங்கள். குழந்தைகள் நடமாடும் இடம், இந்த வாரமே செய்யுங்கள். முன்பு தண்ணீர் கொடுத்து இப்போது வற்றிய போர் வேறு இருந்தால், ஜல்லியும் மணலும் நிரப்பிய வடிகட்டிக் குழி வழியாக மழைநீரை அதில் இறக்கலாம்.