சிங்க் அடைப்புக்குக் காஸ்டிக் பவுடர் வேண்டாம்

கேள்வி: பொள்ளாச்சியில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். சமையலறை சிங்கில் தண்ணீர் இறங்கப் பத்து நிமிடம் ஆகிறது. காஸ்டிக் பவுடர் இரண்டு முறை போட்டேன். ஒரு வாரம் நன்றாக ஓடுகிறது, பிறகு மறுபடி அடைத்துக்கொள்கிறது. வீட்டில் சிறு குழந்தை இருப்பதால் இதைத் தொடரப் பயமாக இருக்கிறது. சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றினால் போதும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காஸ்டிக் போட்ட குழாயில் வினிகரை ஊற்றவே ஊற்றாதீர்கள். ஒன்று காரம், மற்றது அமிலம். இரண்டும் சேரும்போது சூடேறி மேலே தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கழிவறைக்கு வாங்கிய ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் அடுத்தடுத்து கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதிலிருந்து கிளம்புவது குளோரின் வாயு. சன்னல் இல்லாத குளியலறையில் அது மூச்சையே அடைத்துவிடும்.

காஸ்டிக் இல்லாத குழாயிலும் சோடா, வினிகர் வைத்தியத்தை நான் பரிந்துரைப்பதில்லை. பொங்கி வரும் நுரை வெறும் கார்பன் டை ஆக்சைடு. இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால் கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்தான். எண்ணெய்ப் பிசுக்கை அது கரைக்காது.

உங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய்ச் சமையல் அதிகம். அந்த எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் வெள்ளையாக இறுகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். குழாய்க்குள்ளும் அதேதான் நடக்கிறது. அதன் மேல் கிரைண்டர் கழுவிய மாவுத் தண்ணீரும் வடித்த கஞ்சியும் போய்ப் படிகின்றன. சூடாக இறங்கும் கஞ்சி ஆறியதும் கெட்டிப்பட்டுவிடும். காஸ்டிக் இந்தப் படிவின் நடுவே ஒரு துளை மட்டும் போடுகிறது. சுற்றுச்சுவரில் ஒட்டியது அப்படியே இருப்பதால்தான் ஒரே வாரத்தில் மறுபடி அடைக்கிறது.

ஆகவே படிவைக் கையால் எடுப்பதுதான் வழி. காஸ்டிக் கலந்த தண்ணீர் இன்னும் தேங்கியிருந்தால் அது தானாக வடியும்வரை காத்திருங்கள். பிறகு நிறையப் பச்சைத் தண்ணீர் விட்டு அலசுங்கள். ரப்பர் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்துகொண்டு, குழந்தையை வேறு அறையில் விட்டுவிட்டு, சிங்குக்கு அடியில் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அங்கே இருப்பது மடிப்பு மடிப்பான சுருள் வேஸ்ட் பைப். வாளியைக் கீழே வைத்து, கப்ளிங் நட்டைக் கையாலேயே இடப்பக்கம் திருகினால் கழன்றுவிடும். பைப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: ஒவ்வொரு மடிப்பிலும் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று படிந்திருக்கும். பாட்டில் கழுவும் பிரஷ்ஷும் பாத்திரம் துலக்கும் திரவமும் போட்டுத் தேயுங்கள். பைப் விறைத்துப்போயிருந்தால் புதிதாக மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. முடிந்தால் உட்புறம் வழுவழுப்பான பிவிசி குழாயும் டிராப்பும் போடச் சொல்லுங்கள். டிராப்பின் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். மாட்டும்போது வாஷரை மறந்துவிடாதீர்கள்.

பைப் சுத்தமாக இருந்தும் தண்ணீர் இறங்கவில்லையா? அடைப்பு சுவருக்குள் இருக்கும் குழாயில். பைப்பைத் திரும்ப மாட்டி, ரப்பர் பம்ப் மூழ்கும் அளவுக்குச் சிங்கில் தண்ணீர் நிரப்புங்கள். விளிம்புக்குக் கீழே இருக்கும் சிறு துளையை ஈரத்துணியால் இறுக அடையுங்கள். இதை விட்டுவிட்டால் காற்று அந்த வழியே போய்விடும், எவ்வளவு அழுத்தினாலும் வீண். பதினைந்து இருபது முறை நேராக அழுத்தி இழுங்கள். கீழே தள்ளுவதைவிட மேலே இழுப்பதில்தான் அடைப்பு இளகும். அதற்கும் மசியாவிட்டால் ஸ்பிரிங் ஒயரை உள்ளே விட்டுச் சுழற்றி எடுக்க வேண்டும்.

வழி திறந்தபின் வெந்நீர் ஊற்றலாம், கொதிக்கக் கொதிக்க வேண்டாம். பிவிசி குழாய் 60 டிகிரிக்கு மேல் இளக ஆரம்பிக்கும். இரண்டு பங்கு கொதிநீருக்கு மூன்று பங்கு பச்சைத் தண்ணீர் கலந்தால் சரியான சூடு. அதில் பாத்திரம் துலக்கும் திரவம் கொஞ்சம் சேர்த்து வாரம் ஒருமுறை ஊற்றுங்கள். வாணலியில் மிஞ்சும் எண்ணெயைப் பழைய செய்தித்தாளால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். மாவுப் பாத்திரத்தின் முதல் கழுவலைச் செடிக்கு ஊற்றலாம்.

சிங்கில் தண்ணீர் விடும்போது குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் நானி டிராப்பில் குமிழியிட்டாலோ, கீழ்வீட்டுக்காரருக்கும் இதே தொல்லை இருந்தாலோ அடைப்பு பொதுக்குழாயில் இருக்கிறது. அப்போது பிளம்பரை அழைக்கத்தான் வேண்டும். வந்தவுடன், குழாயில் காஸ்டிக் போட்டிருப்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். தெரியாமல் கை வைத்தால் வெந்துபோவது அவருடைய கைதான். வேலை, வெளியே கழிவுநீர்க் குழாய்கள் சேரும் சேம்பரையோ செப்டிக் டேங்கையோ எட்டினால் கழிவுநீர் உறிஞ்சும் லாரியை வரவழையுங்கள். எவ்வளவு அவசரமானாலும் எந்த மனிதரையும் உள்ளே இறங்கச் சொல்லாதீர்கள். விஷவாயு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும். தகுந்த பாதுகாப்பு இல்லாமல் இறக்குவது, மனிதர் கையால் கழிவகற்றுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.