சிலுவைப்போர்க் காலக் கோட்டைகள் பலவும் இடிந்து கிடக்க, கிராக் தெ ஷெவாலியே மட்டும் எப்படித் தப்பியது?

கட்டியவர்களின் திறமை என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், பிடித்தவர்கள் இடிக்காமல் விட்டதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

சிரியாவில் ஹோம்ஸுக்கு மேற்கே, கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் கணவாயைப் பார்த்தபடி குன்றின்மேல் இருக்கிறது இந்தக் கோட்டை. முதலில் அங்கே குர்து வீரர்கள் காவல் இருந்தார்கள். 1142இல் திரிப்போலியின் (இன்றைய லெபனானில் உள்ளது) பிரபு இரண்டாம் ரேமண்ட் அதை ஹாஸ்பிடலர் என்ற ஐரோப்பியக் கிறிஸ்தவத் துறவி வீரர்களிடம் ஒப்படைத்தார். 1170, 1202 நிலநடுக்கங்களுக்குப் பிறகு அவர்கள் இன்னும் கனமாகக் கட்டினார்கள், வெளிமதிலும் எழுப்பினார்கள். உள்ளே போகும் வழியே ஒரு பொறிதான். கூரை போட்ட இருட்டான ஏறுபாதை, நடுவில் சட்டென்று ஒரு கொண்டை ஊசி வளைவு, தலைக்கு மேலே கூரையில் எதிரியைத் தாக்கத் துளைகள். 1188இல் அந்தப் பக்கம் வந்த, சிலுவைப்போர் வீரர்களை எதிர்த்த சுல்தான் சலாவுதீனே முற்றுகையிடாமல் நகர்ந்துவிட்டார்.

1271இல் எகிப்தை ஆண்ட மம்லுக் வம்சத்துச் சுல்தான் பைபர்ஸ் வந்தார். வெளிமதில் விழுந்தது, ஆனால் உள்கோட்டை மசியவில்லை. சரணடையச் சொல்லி மேலிடத்திலிருந்து வந்ததுபோல் ஒரு போலிக் கடிதத்தை உள்ளே அனுப்பினாராம். உண்மையோ கதையோ, ஏப்ரல் 8 அன்று உள்ளே இருந்தவர்கள் உயிரோடு திரிப்போலி போக அனுமதி வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள்.

இதே பைபர்ஸ்தான் 1265இல் சீசரியா, அர்சூஃப் கோட்டைகளைத் தரைமட்டமாக்கியவர். அவை கடலோரத்தில் இருந்தன. அடுத்த கப்பலில் ஐரோப்பியர்கள் வந்து இறங்கினால் மறுபடி பிடித்துக்கொள்வார்களே! கிராக் உள்நாட்டில் இருந்ததால் அவருக்கே பயன்பட்டது. மதிலைப் பழுதுபார்த்தார், தேவாலயம் பள்ளிவாசலானது.

அப்புறம் ராணுவ முக்கியத்துவம் குறைந்து, உள்ளேயே ஒரு கிராமம் குடியேறிவிட்டது. பிரெஞ்சு ஆட்சியில், 1930களில், அந்த மக்களை வெளியேற்றித்தான் சீரமைப்பைத் தொடங்கினார்கள். பராமரிப்பு என்ற பெயரில் நடந்த இந்த வெளியேற்றத்தைப் பெரும்பாலான சுற்றுலாக் கட்டுரைகள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. எனக்கு அது உறுத்தல்தான்.

2006இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2013இல் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலுக்கும் போனது. உள்நாட்டுப் போரில் கிளர்ச்சியாளர்கள் கோட்டைக்குள் இருந்தார்கள், 2014 மார்ச்சில் அரசுப் படை மீட்டது. குண்டுவீச்சில் பெருமண்டபத்தின் முன்னால் இருந்த கோதிக் தாழ்வாரமும் அடிபட்டது. செல்வம், அறிவு, அழகு எல்லாம் இருந்தாலும் ஆணவம் ஒன்றே அத்தனையையும் கெடுத்துவிடும் என்று லத்தீனில் செதுக்கியிருப்பது அந்தத் தாழ்வாரத்தில்தான். சண்டை ஓய்ந்த பிறகு சிரியத் தொல்லியல் துறையோடு ஹங்கேரி நிபுணர்களும் சேர்ந்து பழுதுபார்ப்பில் இறங்கினார்கள்.