மூளையைத் தூண்டினால் இழந்த பாதிப் பார்வை திரும்புமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. 14 மாதங்களுக்கு முன் ஸ்ட்ரோக் வந்தது. கை, கால் தேறிவிட்டன. ஆனால் இரண்டு கண்களிலும் வலது பாதி தெரியவில்லை. நிலைப்படியில் இடித்துக்கொள்கிறார், பேப்பர் படிக்க முடியவில்லை. கண்ணில் கோளாறு இல்லை என்கிறார் கண் டாக்டர். ஒரு மையத்தில், காந்தத்தால் மூளையைத் தூண்டிப் பார்வையைக் கொண்டுவரலாம், 30 சிட்டிங், 1.8 லட்சம் ரூபாய் என்கிறார்கள். மூளையில் சிப் வைத்த பார்வையற்ற பெண் எழுத்துகளைக் கண்டுபிடிக்கும் வீடியோவும் காட்டினார்கள். முன்பணம் கட்டலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கட்ட வேண்டாம். கட்டிவிட்டிருந்தால் ரசீதை வைத்துக்கொண்டு திருப்பிக் கேளுங்கள்.

அந்த வீடியோ பொய்யாக இருக்காது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஸ்பெயினின் எல்சே நகரில் நடந்து 2021இல் வெளியான ஆய்வாக இருக்கலாம். 16 ஆண்டுகளாகப் பார்வையில்லாத 57 வயது முன்னாள் ஆசிரியை ஒருவரின் மூளையில் 96 நுண் மின்முனைகள் கொண்ட சிறு தகடு வைத்தார்கள். மின்சாரம் கொடுத்தபோது ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. அவற்றைக் கொண்டு சில எழுத்துகளை அடையாளம் கண்டார். ஆறு மாதத்தில் தகட்டை எடுத்துவிட்டார்கள். ஆய்வுக்காக வைத்தது, விற்பனைக்கு அல்ல. இது புதிதும் அல்ல. 1968இலேயே இங்கிலாந்தில் ப்ரிண்ட்லி, லெவின் இருவரும் 52 வயதுப் பெண்ணுக்கு 80 மின்முனைகளைப் பொருத்தி இதே ஒளிப்புள்ளிகளைக் காட்டினார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் நாம் இன்னும் புள்ளிகளில்தான் நிற்கிறோம்.

அது இருக்கட்டும். உங்கள் அப்பாவின் நிலைமை அந்த ஆசிரியைக்கு நேர் எதிரானது. ஆசிரியைக்குப் பழுதானது கண் பக்கம்; பார்வையை வாங்கிக்கொள்ளும் மூளைப் பகுதி உயிரோடு இருந்தது, அதனால் தூண்டியதும் பதில் சொன்னது. உங்கள் அப்பாவுக்கோ கண் நன்றாக இருக்கிறது. பின்மண்டையில் இடது பக்கம் பார்வைக்கான பகுதி பெரும்பாலும் ரத்தம் கிடைக்காமல் செத்துப்போயிருக்கும். கேமராவும் ஒயரும் சரியாக இருந்து டிவி பெட்டி எரிந்துபோன கதை. செத்த இடத்தில் எத்தனை சிட்டிங் காந்தம் வைத்தாலும் அது விழிக்காது. எம்.ஆர்.ஐ. படத்தை அந்த மையத்தில் யாராவது கேட்டுப் பார்த்தார்களா? கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்த மையங்களின் வித்தை எனக்கு அத்துப்படி. முதலில் 'அமெரிக்க அனுமதி பெற்ற கருவி' என்று சான்றிதழ் நீட்டுவார்கள். காந்தத் தூண்டலுக்கு 2008இல் அங்கே அனுமதி கிடைத்தது மனச்சோர்வுக்கு! பாதிப்பார்வைக்கு அல்ல. போதாததற்கு, ஸ்ட்ரோக் தழும்புள்ள மூளையில் இது வலிப்பைத் தூண்டும் ஆபத்து கொஞ்சம் உண்டு. அதை எந்த நோட்டீஸிலும் அச்சடிப்பதில்லை.

அப்புறம் ஃபீல்டு டெஸ்ட், அதாவது எந்தப் பக்கம் எவ்வளவு தெரிகிறது என்று அளக்கும் சோதனை. 'முன்', 'பின்' என்று இரண்டு படம் காட்டி, கறுப்பு குறைந்திருக்கிறது பாருங்கள் என்பார்கள். நோயாளியின் கண் தன்னையறியாமல் இருண்ட பக்கம் சற்றே நகர்ந்தாலே படத்தில் பார்வை விரிந்ததுபோல் வரும். கம்ப்யூட்டர் திரையில் ஒளிப்புள்ளி காட்டிப் பயிற்சி தரும் முறை ஒன்று 2003இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கி நன்றாகவே விற்றது. 2005இல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் ஆய்வாளர்கள், கண் நகர்கிறதா என்று விழித்திரையையே கண்காணித்தபடி 17 பேரைச் சோதித்தார்கள். சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை. ஆகவே அவர்களே எடுத்த டெஸ்ட்டை நம்பாதீர்கள். வேறு மருத்துவமனையில் எடுத்த டெஸ்ட்டில் முன்னேற்றம் தெரிந்தால்தான் பணம் என்று சொல்லிப் பாருங்கள், எத்தனை மையம் ஒப்புக்கொள்கிறது என்று பார்ப்போம். உங்களை அங்கே அனுப்பிவைத்தவர் யார் என்றும் யோசியுங்கள். கமிஷன் இல்லாமல் இந்தத் தொழிலில் யாரும் வழிகாட்டுவதில்லை.

ஸ்ட்ரோக் வந்த முதல் சில மாதங்களில் பார்வை கொஞ்சம் தானாகவே திரும்புவது உண்டு. அந்த நேரத்தில் வந்தவர்களை வைத்துத்தான் விளம்பரம் ஓடுகிறது.

ஒரு விதிவிலக்கு. இது உங்கள் அப்பாவுக்கு இல்லை, ஆனால் படிக்கிற மற்றவர்கள் குழம்பக்கூடாது. மூளையின் வலது பக்கம் ஸ்ட்ரோக் வந்த சிலருக்கு இடது பக்கம் 'தெரியாமல்' போவதில்லை, 'கவனத்துக்கு வராமல்' போகிறது. தட்டில் இடது பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிடுவார், முகத்தில் பாதிதான் சவரம் செய்வார், கேட்டால் எனக்கு ஒன்றுமில்லையே என்பார். தெரியாதவர் பெரும்பாலும் தனக்குத் தெரியவில்லை என்று சொல்வார். கவனம் போனவர் அதையே உணரமாட்டார். இருவருக்கும் பயிற்சி வேறு வேறு. இரண்டாமவருக்குப் காட்சியை ஒரு பக்கம் தள்ளிக் காட்டும் பட்டகக் (ப்ரிஸம்) கண்ணாடி போட்டுக் கை நீட்டும் பயிற்சி தருகிறார்கள், மூளைத் தூண்டலும் ஆய்வில் இருக்கிறது. இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு. நரம்பியல் மருத்துவர் ஒரு தாளில் கோடுகளைப் போட்டு எல்லாவற்றையும் குறுக்கே கோடிட்டு அடிக்கச் சொன்னாலே பெரும்பாலும் பிடிபட்டுவிடும். அந்தப் பத்து நிமிடத்துக்கு நம் மருத்துவமனைகளில் யாருக்கும் நேரமில்லை.

சரி, அப்பாவுக்கு என்ன செய்வது? இழந்ததை மீட்பதைவிட, இருப்பதை வைத்து இருண்ட பக்கத்தைத் துழாவப் பழக்குவதுதான் பலன் தருவது. அறைக்குள் நுழையும் முன், வாசலைத் தாண்டும் முன், கண்ணை வலது கோடி வரை ஒரே பாய்ச்சலாகக் கொண்டுபோய்ப் பிறகு நடுவுக்கு வரவேண்டும். மெல்ல நகர்த்தினால் போதாது. படிக்கும்போது வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்து, விரல் முன்னே போக கண் பின்னே வரட்டும். வெளியே போனால் அவருக்கு வலது பக்கமாக நீங்கள் நடங்கள். நம் ஊரில் சாலையைக் கடக்க நிற்பவருக்கு முதல் வண்டி வருவது வலது பக்கத்திலிருந்து, அதாவது அவருக்குத் தெரியாத பக்கத்திலிருந்துதான். தனியாகக் கடக்க விடாதீர்கள்.

இந்தப் பயிற்சியைப் பெரிய கண் மருத்துவமனைகளின் 'லோ விஷன்' (குறைபார்வை) பிரிவில் கற்றுத்தருவார்கள். மதுரை உங்களுக்குப் பக்கம்தான், அரவிந்தில் அப்படியொரு பிரிவு இருக்கிறது. இதை 14 மாதமாக உங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் எரிச்சல். கண் டாக்டர் மூளை என்கிறார், மூளை டாக்டர் கண் என்கிறார், நடுவில் மையக்காரன் கடை விரிக்கிறான். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள். இரண்டு கண்ணிலும் ஒரே பக்கப் பாதி போவதைக் கணக்கில் எடுக்க விதிகளில் இடமிருக்கிறது. கண் பரிசோதனை எழுத்துப் பலகையைப் படிக்கிறாரே என்று கவுன்டரில் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். ஃபீல்டு டெஸ்ட் அறிக்கையைக் கையோடு கொண்டுபோங்கள்.

அவர் இன்னும் பைக் ஓட்டுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. ஓட்டினால் இன்றே சாவியை வாங்கி வைத்துவிடுங்கள்.