கல்லுக்கு யார் ஜாதகம் எழுதினார்கள்?

அன்புள்ள ஐயா,

போன மாதம் குடும்பத்தோடு திருவக்கரை போயிருந்தோம். வக்ரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் கல்மரப் பூங்காவையும் பார்த்தோம். அந்த மரங்களுக்கு 2 கோடி ஆண்டு வயது என்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் என் மகள், "கார்பன் டேட்டிங் பண்ணியிருப்பாங்க" என்றாள். ஊருக்கு வந்து நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "பூமிக்கு 455 கோடி, பல்லாவரம் மலைக்கு 250 கோடி, இந்த மரத்துக்கு 2 கோடி. எல்லாம் குத்துமதிப்புதான். கல்லுக்கு யார் ஜாதகம் எழுதி வைத்தார்கள்?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் விளக்க முடியுமா?

க.,
விழுப்புரம்

அன்புள்ள க.,

உங்கள் நண்பர் மூன்று எண்களை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். சிக்கல் அங்கேதான். மூன்றும் மூன்று வழியாக வந்தவை. மூன்றுக்கும் ஒரே உறுதி கிடையாது. பல்லாவரத்தின் 250 கோடியை நான் தயங்காமல் ஏற்றுக்கொள்வேன். திருவக்கரையின் 2 கோடியைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்ப்பேன்.

முதலில் உங்கள் மகளுக்கு. கார்பன்-14 என்பது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகும் பொருள். ஏறத்தாழ 50,000 ஆண்டு தாண்டினால் அளப்பதற்கு மிச்சம் எதுவும் இருக்காது. கீழடியின் கரித்துண்டுக்கு அது சரி. திருவக்கரைக்கு உதவாது. தவிர, அந்த மரத்தில் இப்போது மரமே கிடையாது. நிலத்தடி நீரில் கரைந்து வந்த சிலிக்கா மரத்திசுவின் இடத்தைச் சிறுகச் சிறுகப் பிடித்துக்கொண்டது. ரேகை மரத்துடையது, பொருள் கல்லுடையது.

கோடிகளை அளக்க வேண்டுமானால் கோடிக்கணக்கில் ஆயுள் உள்ள பொருள் வேண்டும். யுரேனியம் அப்படிப்பட்டது. அதில் இரண்டு வகை. யுரேனியம்-238 பாதியாக 447 கோடி ஆண்டு எடுத்துக்கொண்டு கடைசியில் ஈயம்-206 ஆகிறது. யுரேனியம்-235 பாதியாக 70 கோடி ஆண்டு, அது ஈயம்-207 ஆகிறது. கல்லில் எவ்வளவு யுரேனியம் மிச்சம், எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் காலம் வந்துவிடும்.

இங்கே உங்கள் நண்பர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. ஆரம்பத்திலேயே கல்லில் ஈயம் இருந்திருந்தால்? நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சிர்கான் என்ற தாதுவில் இருக்கிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட்டோடும் கார்னெட்டோடும் கலந்து கிடக்கிறதே, அதேதான். இலங்கையில் நிறமற்ற சிர்கானுக்கு மாத்தறை வைரம் என்று பெயர். பாறைக்குழம்பு ஆறிச் சிர்கான் படிகமாகும்போது, அதன் கட்டமைப்பில் யுரேனிய அணு பொருந்திக்கொள்கிறது. ஈய அணு அளவிலும் மின்னேற்றத்திலும் பொருந்துவதில்லை, கிட்டத்தட்ட முழுசாக வெளியே தள்ளப்படுகிறது. ஆகவே இன்று சிர்கானுக்குள் இருக்கும் ஈயம், காலி உண்டியலைப் பூட்டிய பிறகு உள்ளேயே விளைந்த காசு.

பூட்டு உடைந்து ஈயம் கசிந்திருந்தால்? அதையும் கண்டுபிடிக்க முடியும். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒரே சிர்கான் துணுக்குக்குள் யுரேனியம்-238, யுரேனியம்-235 என்று இரண்டு கடிகாரம் இரண்டு வேகத்தில் ஓடுகிறது. ஈயம் கசியும்போது 206, 207 என்று பார்த்துக் கசிவதில்லை, இரண்டும் ஒரே விகிதத்தில் வெளியேறும். ஆனால் இரண்டு கடிகாரங்களின் வேகம் வேறு என்பதால், கசிந்த துணுக்கில் ஒன்று ஒரு வயதும் மற்றொன்று வேறு வயதும் காட்டும். இரண்டும் ஒரே எண்ணைச் சொன்னால் நம்பலாம். சொல்லாவிட்டால் ஏதோ நடந்திருக்கிறது. என்ன நடந்தது, எப்போது நடந்தது என்பதைக்கூட அந்த முரண்பாட்டிலிருந்தே பல சமயம் கணக்கிட்டுவிடுகிறார்கள்.

வேலை பார்க்கும் விதம் இது. பாறையை இடித்துப் பொடியாக்கி, தண்ணீரில் அரித்து, காந்தத்தில் காட்டி, அடர்த்தியான திரவத்தில் போட்டுக் கனமான மணிகளைப் பிரிக்கிறார்கள். நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொரு மணியாக ஊசியால் பொறுக்கி, பிசினில் பதித்து, பாதி உடம்பு தெரியும் வரை தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். எலக்ட்ரான் கற்றை பட்டதும் மணிக்குள் வளர்ச்சி வளையங்கள் ஒளிர்கின்றன. நடுவில் ஒரு கரு, அதைச் சுற்றிப் பின்னால் வளர்ந்த விளிம்பு. மயிரிழையைவிடச் சின்னப் புள்ளி ஒன்றில் அயனிக் கற்றையைப் பாய்ச்சி, கருவுக்குத் தனியாகவும் விளிம்புக்குத் தனியாகவும் வயது எடுக்கிறார்கள். பாறை ஒருமுறை உருவாகி, பல கோடி ஆண்டு கழித்து ஆழத்தில் மறுபடி வெந்திருந்தால் இரண்டு எண்ணும் வேறாக இருக்கும். அப்போது "இந்தக் கல்லின் வயது என்ன?" என்ற கேள்வியே போதாது. எந்த நிகழ்ச்சி நடந்து எவ்வளவு காலம் என்று கேட்க வேண்டும்.

இது ஒரே நாளில் பிடிபட்ட சங்கதி இல்லை. அந்தக் கதையில் இலங்கைக்கு ஒரு பெரிய பங்கு இருக்கிறது, நம் ஆட்களுக்கு அது அவ்வளவாகத் தெரியாது. நடராஜர் வடிவத்தின் பொருளை உலகுக்கு எடுத்துச் சொன்ன ஆனந்த குமாரசுவாமியைத் தெரியும் அல்லவா? கலைப் பக்கம் முழுசாகத் திரும்புவதற்கு முன் அவர் நிலவியலாளர். இலங்கைக் கனிம ஆய்வின் இயக்குநராக இருந்தார். 1904-இல் அங்கே கனமான கறுப்புத் தாது ஒன்றைக் கண்டெடுத்து, யுரேனியத் தாது என்று நினைத்தார். லண்டனில் சோதித்த வின்ட்ஹாம் டன்ஸ்டன், இது புதுத் தாது, இதில் பெரும்பங்கு தோரியம் என்ற இன்னொரு கதிரியக்கத் தனிமம் என்று கண்டு தோரியனைட் என்று பெயர் வைத்தார்.

மூன்று வருஷம் கழித்து, 1907-இல், அமெரிக்காவில் பெர்ட்ரம் போல்ட்வுட் என்ற வேதியியலாளர் யுரேனியம்-ஈயம் கணக்கை முதல்முறையாகத் தாதுக்கள்மேல் போட்டுப் பார்த்தார். அவருடைய பட்டியலில் மிகப் பழையது இலங்கைத் தோரியனைட். 220 கோடி ஆண்டு! பத்து வருஷத்துக்கு முன்னால்தான் கெல்வின் பிரபு பூமிக்கே 2 கோடியிலிருந்து 4 கோடி ஆண்டு என்று சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் இந்த எண்ணைப் படித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அந்த 220 கோடி தப்பு. தோரியமும் சிதைந்து ஈயமாகிறது என்பது அப்போது போல்ட்வுட்டுக்குத் தெரியாது. தோரியத்திலிருந்து வந்த ஈயத்தையும் யுரேனியத்தின் கணக்கிலேயே எழுதிவிட்டார். கணக்கைச் சரிசெய்ய உதவியதும் இலங்கைத் தாதுதான். 1914-இல் ஃபிரெடெரிக் சாடி, இலங்கையின் இன்னொரு தோரியத் தாதுவிலிருந்து பிரித்த ஈயம் சாதாரண ஈயத்தைவிட எடை கூடியது என்று காட்டினார். அது ஈயம்-208, தோரியத்தின் வாரிசு. ஈயத்திலேயே பல எடை உண்டு, எந்த எடை எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்கலாம் என்று தெரிந்த பிறகுதான் இந்த முறைக்கு நிஜமான பலம் வந்தது.

இன்றைய அளவுகளின்படி இலங்கையின் நடுமலைப் பாறைகள் ஆழத்தில் வெந்து உருமாறியது சுமார் 55 கோடியிலிருந்து 60 கோடி ஆண்டுக்குள். இந்தியாவும் இலங்கையும் ஆப்பிரிக்காவும் அண்டார்டிகாவும் முட்டி மோதி கோண்டுவானா என்ற பெருங்கண்டமாக ஒட்டிக்கொண்டிருந்த காலம். அந்த மண்ணின் சிர்கான் படிகங்கள் பெரியவை, உள்ளே சீரானவை. ஆகவே ஆஸ்திரேலியாவில் கான்பெரா, பெர்த் ஆய்வகங்களில் கருவியைச் சரிபார்க்கும் ஒப்பீட்டு மாதிரியாகப் பல காலம் இருந்தது இலங்கைச் சிர்கான் துண்டுகள்தான்.

பூமியில் உருவானவற்றிலேயே பழைய கனிமத்துணுக்கு என்று அறியப்பட்டது கிடைத்ததும் ஆஸ்திரேலியாவில்தான். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த ஒரு சிர்கான் மணிக்கு 440 கோடி ஆண்டு என்று 2001-இல் வெளியிட்டார்கள். அந்த மணி கிடைத்த பாறைக்கு வயது அவ்வளவு இல்லை. அது சுமார் 300 கோடி ஆண்டுக்கு முன் ஆறு கொண்டுவந்து கொட்டிய கூழாங்கல்லும் மணலும் இறுகியது. மணி பிறந்த மலை எப்போதோ கரைந்து போய்விட்டது. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், திருவக்கரைக்கு வரும்போது தேவைப்படும்.

பூமியின் 455 கோடியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பூமியின் முதல் பாறைகள் நம்மிடம் இல்லை. ஆகவே சூரியக் குடும்பம் உருவானபோதே உருவான விண்கற்களைக் கையில் எடுத்தார்கள். அரிசோனாவில் விழுந்த கேன்யன் டயாப்லோ விண்கல் உள்பட சிலவற்றின் ஈயத்தை அளந்து, கிளேர் பேட்டர்சன் 1956-இல் வெளியிட்ட விடை 455 கோடி, முன்பின் 7 கோடி. எண்ணைவிட அவர் பட்ட பாடு பெரிது. காற்றிலும் தூசியிலும் கண்ணாடிக் குடுவையிலும் ஈயம் ஒட்டிக்கொண்டு அளவைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. துடைத்துத் துடைத்து ஈயம் புகாத ஆய்வறையைக் கட்டினார். இவ்வளவு ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடப் போய், பெட்ரோலில் கலந்த ஈயத்துக்கு எதிராகப் பல வருஷம் மல்லுக்கட்டினார்.

"சிதையும் வேகம் அன்றும் இன்றும் ஒன்றுதான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று உங்கள் நண்பர் கேட்டால் ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டு ஓக்லோ சுரங்கத்தைச் சொல்லுங்கள். சுமார் 200 கோடி ஆண்டுக்கு முன் அங்கே யுரேனியத் தாது தானாகவே அணு உலையாக எரிந்திருக்கிறது. 1972-இல் கண்டுபிடித்தார்கள். அது விட்டுச்சென்ற கழிவுகளின் விகிதம், இன்றைய அணு இயற்பியல் கணக்கோடு ஒத்துப்போகிறது.

சரி, திருவக்கரை. மரங்கள் கிடப்பது கடலூர் மணற்கல் எனப்படும் அடுக்கில். அங்கேயும் மணலில் சிர்கான் இருக்கும், அளக்கலாம். ஆனால் வருவது மணல் புறப்பட்ட மலையின் வயது. ஜாக் ஹில்ஸ் கதைதான். மரம் புதைந்த காலத்தை அது சொல்லாது. அதிகபட்சம், மணற்கல் அந்த மணிகளைவிட இளையது என்று மட்டும் சொல்லலாம்.

இப்படிப்பட்ட படிவுப் பாறைகளுக்கு வழக்கமான வழி வேறு. எரிமலைச் சாம்பல் அடுக்கு நடுவில் இருந்தால் அதில் உள்ள படிகங்கள் அப்போதே பிறந்தவை, அவற்றுக்கு வயது எடுத்து மேலும் கீழும் உள்ள அடுக்குகளை நெருக்கிப் பிடிக்கலாம். சாம்பல் இல்லாத ஊரில் புதைபடிவத்தை வைத்து ஒப்பிட வேண்டும். அரியலூர் அதற்கு அருமையான இடம். அங்கே கடல் இருந்தது, அம்மோனைட்டுகள் (சுருள் ஓடுள்ள, அழிந்துபோன கடலுயிர்கள்) குவிந்து கிடக்கின்றன. நிலவியலாளர் பிளான்ஃபோர்டு 1862-இல் அடுக்குகளைப் பிரித்து எழுதினார், ஸ்டோலிச்கா புதைபடிவங்களை விவரித்தார். அதே மாதிரி அம்மோனைட்டுகள் மற்ற நாடுகளில் எந்த அடுக்கில் வருகின்றன என்று பார்த்து, காலம் எண்ணப்பட்ட அடுக்கோடு கோர்த்துவிடலாம்.

கடலூர் மணற்கல் பெரும்பாலும் ஆற்றுப் படிவு. அங்கே அந்த வசதி இல்லை. மரங்கள்கூடக் கிளையும் வேரும் இல்லாமல் படுத்துக் கிடக்கின்றன, வெள்ளம் எங்கிருந்தோ உருட்டிவந்தவை. ஆகவே எந்த அடுக்கின்மேல் எது கிடக்கிறது, கல்லான மரங்கள் எந்தக் குடும்பம், மகரந்தம் என்ன சொல்கிறது என்று சேர்த்துப் பார்த்து மயோசீன், பிளையோசீன் காலம் என்கிறார்கள். எண்ணில் சொன்னால், 2 கோடியே 30 லட்சத்திலிருந்து 26 லட்சம் ஆண்டு வரை நீளும் பெரிய வெளி. அதே பகுதியின் நெய்வேலி நிலக்கரியை மயோசீன் என்றவர்களும் உண்டு, அதைவிடப் பழைய இயோசீன் என்றவர்களும் உண்டு. பலகையில் இவ்வளவும் எழுத இடமில்லை, 2 கோடி என்று போட்டுவிடுகிறார்கள்.

எனவே நண்பரிடம் இப்படிச் சொல்லுங்கள். திருவக்கரை பற்றி அவர் சொன்னதில் பாதி சரி, அது வட்டமாக்கப்பட்ட எண். பல்லாவரம் பற்றிச் சொன்னது சரியில்லை. அந்த மலையின் பாறையான சார்னோக்கைட்டுக்குள் இருக்கும் சிர்கான்தான் அங்கே சாட்சி, அதற்குள் இரண்டு கடிகாரம் ஓடுகிறது. மகளுக்கு ஆர்வம் இருந்தால் அடுத்த விடுமுறைக்கு அரியலூர்ப் பக்கம் கூட்டிப் போங்கள். மழைக்காலம் முடிந்ததும் போனால் நல்லது, மண் அரித்துப் புதுசாகச் சிப்பிகள் வெளியே தெரியும்.