பெரோவ்ஸ்கைட் பேனலுக்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி: நாகப்பட்டினத்தில் எங்கள் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட நினைக்கிறோம். 34 சதவீதத் திறனுள்ள பெரோவ்ஸ்கைட் பேனல் வரப்போகிறது, முன்பணம் கட்டினால் உங்களுக்குத்தான் முதலில் என்கிறார் ஏஜென்ட். காத்திருக்கலாமா?

பதில்: முன்பணம் கட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

பெரோவ்ஸ்கைட் என்பது சூரிய ஒளியை மின்சாரமாக்கும் ஒரு வகைப் படிகப் பொருள். திறன் என்றால், விழும் ஒளியில் எத்தனை சதவீதம் மின்சாரமாகிறது என்பது. அந்த 34 சதவீதம் பொய்யில்லை. சீனாவின் லாஞ்சி நிறுவனம் 2024இல் 34.6 சதவீதத்தை எட்டியது. ஆனால் அது சிலிக்கான் மேல் பெரோவ்ஸ்கைட் படலம் பூசிய, விரல் நகத்தளவு ஆய்வக செல் (பல செல்கள் சேர்ந்ததே பேனல்). அதே ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு பிவி நிறுவனம் அமெரிக்காவுக்கு அனுப்பிய முதல் வணிகப் பேனல்களின் திறன் 24.5 சதவீதம்தான். நம் கடையில் கிடைக்கும் நல்ல சிலிக்கான் பேனலே 22 சதவீதத்தை ஒட்டி வருகிறது.

திறனைவிட ஆயுள்தான் பெரிய கவலை. பெரோவ்ஸ்கைட் படிகத்தின் பிணைப்பு பலவீனமானது. ஈரம் பட்டால் உடைந்து மஞ்சள் நிற ஈய அயோடைடாக மாறும். வெயிலிலும் சூட்டிலும் உள்ளே அயனிகள் (மின்னூட்டம் கொண்ட அணுக்கள்) இடம் மாறும். இதைத் தடுக்க ஆய்வாளர்கள், படிகத்தில் உள்ள, சூட்டில் ஆவியாகும் மெத்தில் அமோனியம் என்ற பொருளைக் குறைத்து சீசியம் என்ற உலோகத்தைச் சேர்க்கிறார்கள். படிகத்தின் மேற்பரப்புக் குறைகளை மூடுகிறார்கள், இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்து விளிம்பை அடைக்கிறார்கள். முன்னேற்றம் உண்மையானது. 85 டிகிரி சூடு, 85 சதவீத ஈரப்பதத்தில் 1000 மணி நேரம் தாங்குவது வழக்கமான சோதனை. அது 42 நாள்கூட இல்லை. உங்கள் மாடியில் கடல் காற்றிலும் மே மாத வெயிலிலும் பேனல் 25 ஆண்டுகள் நிற்க வேண்டும். அந்த அனுபவம் சிலிக்கானுக்கு உண்டு, இதற்கு இன்னும் இல்லை.

மத்திய அரசின் மாடி சோலார் திட்டமான சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். அதற்கு செல், பேனல் இரண்டும் உள்நாட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும். பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். “மானியத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், கையெழுத்து மட்டும் போடுங்கள்” என்பவரை நம்பாதீர்கள். பேனல் மாடல் அரசின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தப் பட்டியலை ஆங்கிலத்தில் நீண்ட அட்டவணையாகப் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் அதில் எப்படித் தேடுவார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஏஜென்ட்கள் பிழைப்பதே அதனால்தான்.

ஒரே சூழ்நிலையில் காத்திருக்கலாம்: ஓரிரு ஆண்டில் மேல்மாடி கட்டப்போகிறீர்கள் என்றால். இப்போது போட்டால் கழற்றி மாட்டும் கூலி, ஸ்டாண்டுக்குப் புது அடித்தளம், கழற்றும்போது விரிசல் விழுந்தால் வாரண்டி தகராறு என்று எல்லாம் உங்கள் தலையில் விழும். முதலில் கட்டிடத்தை முடியுங்கள். அப்போதும் போடவேண்டியது பெரும்பாலும் சிலிக்கானாகவே இருக்கும்.

ஏஜென்டிடம் தயாரிப்பாளர் பெயரையும் மாடல் எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். தரத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.